ஒரே முகாம், மூன்று கணக்கு! பல்கலைக்கழக நிகழ்ச்சிகளுக்கு வரும் கூட்டத்தை யார் எண்ணுகிறார்கள்? சிஸ்டம் மாறினால் என்ன மாறும்?

ஞாயிற்றுக்கிழமை காலை. திருவான்மியூர் கடற்கரை. ஒரே கலர் டி-ஷர்ட் போட்ட கல்லூரி மாணவர்கள் மணலில் பிளாஸ்டிக் பொறுக்கிக் கொண்டிருப்பார்கள். கொஞ்ச தூரத்தில் பேனர். பேனருக்கு முன்னால் குரூப் போட்டோ. வாக்கிங் வந்த ஒருவரிடம் ஒரு மாணவி நோட்டை நீட்டுவார்: "அங்கிள், பேரும் போன் நம்பரும் மட்டும் எழுதிக் கொடுங்க."

தென் சென்னையில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. எழுதிக் கொடுத்துவிட்டு நடையைத் தொடர்ந்துவிடுவோம். ஆனால் அந்த நோட்டு அதற்குப் பிறகு எங்கே போகிறது? அந்தப் பெயர் எந்தக் கணக்கில் சேர்கிறது? அந்தக் கணக்கை வைத்து யாருக்கு என்ன கிடைக்கிறது?

உயர்கல்வி நிறுவனங்கள் பொதுமக்களோடு நடத்தும் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கைக்கும் அங்கீகாரத்துக்கும் இன்று நேரடித் தொடர்பு இருக்கிறது. அந்த எண்ணிக்கையைப் பதிவு செய்யும் முறையோ பல இடங்களில் இன்னும் நோட்டு, எக்செல், வாட்ஸ்அப் அளவிலேயே நிற்கிறது. இதை ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவந்தால் என்ன மாறும், என்ன மாறாது? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் திருவான்மியூர்?

திருவான்மியூரை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால், தமிழ்நாட்டின் முக்கியமான கல்வி நிறுவனங்களில் பல அதற்குள் வந்துவிடும். 1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய கலாக்ஷேத்ரா ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1993-ம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது அது. பக்கத்தில் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறிவியல் வளாகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அடையாறு, கிண்டி பக்கம் போனால் ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம்.

இன்னொரு பக்கம் திருவான்மியூர் குப்பம், ஊரூர் குப்பம், ஓடைமாநகர் போன்ற கடலோரக் குடியிருப்புகள். கல்லூரிகள் கண் சிகிச்சை முகாம், விழிப்புணர்வுப் பேரணி, சர்வே என்று எது நடத்தினாலும் முதலில் தேடி வருவது இதுபோன்ற இடங்களைத்தான்.

அதாவது நிகழ்ச்சி நடத்துபவர்களும் இங்கே அதிகம், நிகழ்ச்சிக்கு 'ஆடியன்ஸ்' ஆக்கப்படுபவர்களும் அதிகம். அதனால் இந்தக் கணக்கு சரியா தப்பா என்பது இந்தப் பகுதி மக்களை நேரடியாகத் தொடும் விஷயம்.

இந்தக் கணக்கு யாருக்குப் போகிறது?

ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அதன் விவரத்தைக் கேட்பவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

நாக்: 1994-ல் தொடங்கப்பட்ட தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு. ஏ++, ஏ+ என்று கிரேடு கொடுப்பது இதுதான். 2017-ல் திருத்தப்பட்ட பல்கலைக்கழகக் கையேட்டின்படி மொத்தம் 1000 மதிப்பெண். அதில் ஆராய்ச்சி, புத்தாக்கம், விரிவாக்கம் என்ற மூன்றாவது அளவுகோலுக்கு 250. அந்த 250-க்குள் 'விரிவாக்கப் பணிகள்', அதாவது சமூகத்தோடு சேர்ந்து செய்யும் வேலைகளுக்கு 40. ஐந்து ஆண்டுகளில் எத்தனை நிகழ்ச்சி நடந்தது, எத்தனை சதவீத மாணவர்கள் கலந்துகொண்டார்கள் என்று எண்ணாகவே கேட்கிறார்கள்.

என்.எஸ்.எஸ்.: 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம். ஒரு தன்னார்வலர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். இந்த மணி நேரக் கணக்கு தனி.

உன்னத் பாரத் அபியான்: 2014-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம். இதில் சேரும் நிறுவனங்கள் கிராமங்களைத் தத்தெடுத்து வேலை செய்ய வேண்டும். இதற்கும் தனி ரிப்போர்ட்.

யுஜிசி: உயர்கல்வி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு, சமூக ஈடுபாடு குறித்து 2020-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாணவர்கள் மக்களோடு களத்தில் வேலை செய்யும் 2 கிரெடிட் பாடம் ஒன்றையும் அது பரிந்துரைத்தது.

என்.ஐ.ஆர்.எஃப்.: தேசிய தரவரிசை. இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். இதில் 'அவுட்ரீச் அண்ட் இன்க்ளூசிவிட்டி' என்ற தலைப்புக்கு 10 சதவீத வெயிட்டேஜ் உண்டு. பெயரைப் பார்த்தால் பொதுமக்கள் நிகழ்ச்சிகளுக்கான மதிப்பெண் போலத் தெரியும். உண்மையில் அதற்குள் அளக்கப்படுவது வெளிமாநில மாணவர்கள், பெண்கள், பொருளாதார ரீதியிலும் சமூக ரீதியிலும் பின்தங்கியவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் ஆகியவைதான். 2016-ல் வெளியான முதல் தரவரிசையில், வெளியாட்களுக்குப் பயிற்சி, சேவை அளிப்பதற்கு என்று தனியாக ஒரு பகுதி இருந்தது. பிறகு அது காணாமல் போச்சு.

ஆக, ஒரே நிகழ்ச்சியை ஒவ்வொரு அமைப்பும் ஒவ்வொரு வடிவத்தில் கேட்கிறது. தலைவலி ஆரம்பிப்பது இங்கேதான்.

ஒரு முகாம் மூன்றாகும் கதை

உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பல்கலைக்கழகம் திருவான்மியூர் குப்பத்தில் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறது. அதன் என்.எஸ்.எஸ். பிரிவு, சமூகப் பணித் துறை, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் மூன்றும் சேர்ந்து செய்கின்றன. குப்பத்து மக்கள் 140 பேர் வருகிறார்கள். தன்னார்வ மாணவர்கள் 30 பேர்.

முகாம் முடிந்த பிறகு என்ன நடக்கும்?

- என்.எஸ்.எஸ். பிரிவு மாணவர்களையும் சேர்த்து '170 பேர்' என்று எழுதும்.
- சமூகப் பணித் துறை மக்களை மட்டும் எண்ணி '140 பேர்' என்று எழுதும்.
- செஞ்சிலுவைப் பிரிவு கையில் நோட்டு இல்லாததால் 'சுமார் 150 பேர்' என்று எழுதும்.

ஆண்டு இறுதியில் மூன்று ரிப்போர்ட்டும் தரப் பிரிவின் மேசைக்கு வரும். ஐ.க்யூ.ஏ.சி. என்று கல்லூரிகளில் அழைக்கப்படும் இந்த உள் தர உறுதிப் பிரிவுதான் எல்லாவற்றையும் தொகுக்க வேண்டும். ஒன்றில் தலைப்பு 'கண் முகாம்', இன்னொன்றில் 'இலவச விழி பரிசோதனை', மூன்றாவதில் 'சமூக சுகாதார நிகழ்ச்சி'. தேதி ஒன்றுதான் என்பதைக் கவனிக்காவிட்டால், மூன்று நிகழ்ச்சி, 460 பேர் என்று ஏறிவிடும்.

உண்மையில் நடந்தது ஒரே முகாம். வந்த பொதுமக்கள் 140 பேர்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் முக்கியம். மூன்று பேரும் தங்களுக்குத் தெரிந்ததை எழுதினார்கள். தப்பு இருப்பது முறையில். ஆனால் அந்த முறையில் விழுந்த எண்தான் கிரேடு கேட்கும் ஆவணத்துக்குள் போகிறது.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். ஒரு பேராசிரியர் எட்டு வருடமாக ஒரு குப்பத்துக்குப் போய் மீனவர்களோடு வேலை செய்திருப்பார். பேனர் இல்லை, போட்டோ இல்லை, ரிப்போர்ட் இல்லை. கணக்கில் அந்த வேலை பூஜ்யம்.

இப்போது எப்படி நடக்கிறது?

பல கல்லூரிகளில் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு ஒரு லெட்டர். அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில். பதிவுக்கு கூகுள் ஃபார்ம். வருகைக்குத் தாளில் கையெழுத்து. முடிந்ததும் இரண்டு பக்க ரிப்போர்ட், இடமும் நேரமும் பதிந்த 'ஜியோ-டேக்' போட்டோக்கள். பிறகு எல்லாம் ஒரு டிரைவ் ஃபோல்டரில்.

ஒவ்வொன்றும் தனியாக வேலை செய்கிறது. ஆனால் ஒன்றுக்கொன்று பேசாது. ஃபார்மில் பதிந்த 300 பேரில் எத்தனை பேர் உண்மையில் வந்தார்கள் என்று ஃபார்முக்குத் தெரியாது. கையெழுத்துத் தாளில் இருப்பவர் மாணவரா, பொதுமக்களா என்று தாளுக்குத் தெரியாது. பேராசிரியர் வேறு ஊருக்கு மாறிப் போனால் டிரைவ் ஃபோல்டரின் பாஸ்வேர்டும் கூடவே போய்விடும்.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நாக் மதிப்பீடு நெருங்கும்போதுதான் வலி தெரியும். தகவல் சரிபார்ப்பு என்ற கட்டத்தில், கொடுத்த ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் கேட்பார்கள். நான்கு வருடத்துக்கு முன் நடந்த பேரணியின் போட்டோவைத் தேடி, பாடம் நடத்த வேண்டிய ஆசிரியர்கள் பழைய போன்களைக் குடைந்து கொண்டிருப்பார்கள்.

பிரிட்டன் எப்படி எண்ணுகிறது?

இந்தத் தலைவலி இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் பல்கலைக்கழகங்கள் ஒவ்வோர் ஆண்டும் 'ஹெச்.இ.-பி.சி.ஐ.' என்ற கணக்கெடுப்புக்குத் தகவல் கொடுக்கின்றன. தொழில் துறையோடும் சமூகத்தோடும் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் தொடர்பை அளக்கும் கணக்கு இது. ஆராய்ச்சி ஒப்பந்தம், காப்புரிமையோடு பொது நிகழ்ச்சிகளும் இதில் அடக்கம்.

பொது உரை, இசை-நடனம்-நாடகம், கண்காட்சி, அருங்காட்சியகக் கல்வி என்று நிகழ்ச்சிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேட்கிறார்கள்:

- எத்தனை பேர் வந்தார்கள்?
- இலவசமா, கட்டணமா?
- இதற்காகப் பேராசிரியர்கள் எத்தனை நாள் உழைத்தார்கள்?

மூன்றாவது கேள்வியைக் கவனிக்கணும். இந்தியப் படிவங்கள் பெரும்பாலும் கூட்டத்தை எண்ணுகின்றன, உழைப்பை எண்ணுவதில்லை. ஆசிரியரின் நேரத்தை எண்ணினால்தான் அந்த வேலை அவருடைய பணிச்சுமையில் சேரும், பதவி உயர்வில் பேசும்.

இதோடு, 2014-ல் நடந்த ஆராய்ச்சி மதிப்பீட்டில் 'சமூகத்தில் ஏற்பட்ட தாக்கம்' என்பதற்கு பிரிட்டன் 20 சதவீதம் கொடுத்தது. 2021-ல் அதை 25 சதவீதமாக உயர்த்தியது. அங்கே எத்தனை பேர் வந்தார்கள் என்பது போதாது. வந்ததால் என்ன மாறியது என்று ஆதாரத்தோடு எழுதிக் காட்ட வேண்டும்.

அந்தக் கணக்குகளின் பின்னால் பணமும் இருக்கிறது. இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்களுக்கான புத்தாக்க நிதிப் பங்கீட்டில் ஹெச்.இ.-பி.சி.ஐ. தரவு பயன்படுத்தப்படுகிறது. 

சரி, புது சிஸ்டத்தில் என்ன இருக்கணும்?

நல்ல நிகழ்ச்சி மேலாண்மை மென்பொருளுக்குப் பெரிய மந்திரம் எதுவும் தேவையில்லை. சில அடிப்படை விஷயங்கள் போதும்.

1. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே எண். அனுமதி கேட்கும்போதே நிகழ்ச்சிக்கு ஓர் அடையாள எண் உருவாக வேண்டும். மூன்று துறைகள் சேர்ந்து நடத்தினால் மூன்றும் அதே எண்ணுக்குள் 'பங்குதாரர்' ஆக வரவேண்டும். மேலே பார்த்த கண் முகாம் மூன்றாகாமல் தடுப்பது இந்த ஒரு வரிதான்.

2. பதிந்தவர் வேறு, வந்தவர் வேறு. இரண்டுக்கும் தனித்தனி இடம். வாசலில் கியூஆர் கோடு ஸ்கேன் செய்யலாம். போன் இல்லாதவர்களுக்கு? தன்னார்வலர் ஒரு பொத்தானைத் தட்டி எண்ணினால் போதும். பெயர் தேவையில்லாத இடத்தில் தலை எண்ணிக்கை போதுமானது.

3. யார் வந்தார்கள்? சொந்த மாணவர்கள், பள்ளி மாணவர்கள், பொதுமக்கள், அரசுத் துறையினர் என்று பிரிவு வேண்டும். அரங்கத்தில் 400 பேர் இருந்து, அதில் 380 பேர் அட்டெண்டன்ஸுக்காக உட்கார வைக்கப்பட்ட சொந்த மாணவர்கள் என்றால், அதைப் 'பொதுமக்கள் நிகழ்ச்சி' என்று சொல்ல முடியுமா?

4. உழைத்த நேரம். ஆசிரியர், ஊழியர், மாணவர் செலவிட்ட மணி நேரம். என்.எஸ்.எஸ். மாணவரின் 120 மணி நேரக் கணக்கும் இதிலிருந்தே வந்துவிடும். தனி நோட்டு தேவையில்லை.

5. ஒருமுறை எழுது, பலமுறை எடு. நாக், யுஜிசி, என்.எஸ்.எஸ். எது கேட்டாலும் அதே தகவலிலிருந்து அந்தந்தப் படிவத்தில் ரிப்போர்ட் வரவேண்டும். ஆசிரியர்களின் நேரம் மிச்சமாகும் இடம் இதுதான்.

6. மறுபடி கேட்கும் வசதி. முகாம் முடிந்து மூன்று மாதம் கழித்து, 'கண்ணாடி கிடைத்ததா? ஆபரேஷனுக்குப் பரிந்துரைத்தார்களே, நடந்ததா?' என்று கேட்டுப் பதியும் வசதி. 140 பேர் வந்தார்கள் என்பதைவிட, எத்தனை பேருக்குக் கண்ணாடி போய்ச் சேர்ந்தது என்பதுதான் குப்பத்துக்கு முக்கியம்.

7. தமிழில் இருக்கணும். பொதுமக்கள் தொடும் ஒவ்வொரு திரையும் தமிழில் இருக்க வேண்டும். இங்கிலீஷ் ஃபார்மைப் பார்த்துத் திரும்பிப் போனவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

தலை எண்ணிக்கைக்குள் அடங்காதவை

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து எண்ணிவிட முடியுமா? திருவான்மியூர் சுற்றுவட்டாரத்திலேயே அதற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

அண்ணா எஃப்.எம்.: அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி. 2004 பிப்ரவரி 1-ல் 90.4 அலைவரிசையில் தொடங்கியது. இந்தியாவில் கல்வி வளாகத்திலிருந்து ஒலிபரப்பான முதல் சமுதாய வானொலி இது. வீட்டு வேலை செய்துகொண்டே கேட்கும் ஒரு பெண்ணுக்கு எந்த கியூஆர் கோடை நீட்டுவது? 'நிகழ்ச்சி' என்ற பெட்டிக்குள் வானொலி அடங்காது. ஆனால் நூறு கருத்தரங்கம் தொடாத ஆட்களை அது தொடக்கூடும்.

சயின்ஸ் அட் தி சபா: தரமணி கணித அறிவியல் நிறுவனம் 2016-ல் தொடங்கிய பொது உரை நிகழ்ச்சி. கச்சேரி கேட்கும் மியூசிக் அகாடமி அரங்கத்தில் விஞ்ஞானிகள் பேசினார்கள். வளாகத்துக்குள் மக்களை வரச் சொல்லாமல், மக்கள் ஏற்கெனவே போய்வரும் இடத்துக்கு அறிவியலைக் கொண்டுபோனது இதன் சிறப்பு. 'எத்தனை பேர்' என்ற கட்டத்தில் இது சுலபமாக அடங்கும். 'எந்த இடம், ஏன் அந்த இடம்' என்ற கேள்விக்குப் பெரும்பாலான படிவங்களில் கட்டமே கிடையாது.

கலாக்ஷேத்ரா: மார்கழியை ஒட்டி நடக்கும் கலை விழாவுக்கு வருபவர்களை டிக்கெட்டை வைத்து எண்ணலாம். பிரிட்டன் படிவத்தில் 'நிகழ்த்துகலை' என்று தனி வரிசையே உண்டு. இந்தியாவின் பொதுவான படிவங்களிலோ கலை நிகழ்ச்சி பெரும்பாலும் மாணவர் செயல்பாடாகச் சுருங்கிவிடுகிறது.

ஆமை நடை: நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, திருவான்மியூர் மணல் வழியாக, இரவில் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைச் சேகரிக்கும் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-லிருந்து இயங்குகிறது. பல கல்லூரி மாணவர்கள், பொதுமக்கள் எல்லோரும் சேர்ந்து நடக்கும் வேலை. இது எந்த ஒரு பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சியும் அல்ல. அதனால் எந்த ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்கிலும் முழுதாக வராது. ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது.

படிவத்துக்கு ஏற்ற நிகழ்ச்சி மட்டும் பெருகி, படிவத்தில் அடங்காத நல்ல வேலை மெதுவாகக் கைவிடப்படுவது ஓர் உண்மையான ஆபத்து. எனவே, எண்ணாக எழுத முடியாததை விளக்கமாக எழுத ஓர் இடமும், அதைப் படித்து மதிப்பிட ஓர் ஆளும் எந்த சிஸ்டத்திலும் இருக்க வேண்டும்.

உங்கள் போன் நம்பர் யாரிடம் இருக்கிறது?

இப்போது அந்தக் கடற்கரை நோட்டுக்குத் திரும்புவோம். அதில் எழுதிய பெயரும் நம்பரும் தனிப்பட்ட தகவல். மருத்துவ முகாம் என்றால் கூடவே நோய் விவரமும் சேர்கிறது. அடுத்தவர் எழுதும்போது முந்தையவரின் நம்பர் கண்ணில் படுகிறது. அந்தத் தாளை போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் இணைத்து, அந்த ரிப்போர்ட்டை வெப்சைட்டிலும் ஏற்றினால், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதவாக்கில் நடைமுறைக்கு வரும் வகையில் கால அவகாசம் தரப்பட்டிருக்கிறது. நிகழ்ச்சிப் பதிவுக்கு இதில் என்ன பொருள்?

- எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும்.
- அந்த அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமின்றி, எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் பார்க்கும் வசதி வேண்டும். தமிழ் அதில் ஒன்று.
- கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.
- 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் பொதுவாகத் தேவை. பள்ளி மாணவர்களை வளாகத்துக்கு அழைக்கும் ஒவ்வொரு நிறுவனமும் இதை யோசிக்க வேண்டும்.
- தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது.

பழைய நோட்டை விட புதிய மென்பொருள் பாதுகாப்பானதா? ஒழுங்காகச் செய்தால் ஆமாம். யார் எதைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தலாம், வேலை முடிந்ததும் அழிக்கலாம். ஒழுங்காகச் செய்யாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நோட்டு தொலைந்தால் நாற்பது பேரின் நம்பர் போகும். சர்வர் கசிந்தால் பத்து வருட முகாம்களுக்கு வந்த எல்லோருடைய விவரமும் ஒரே நாளில் போகும்.

மென்பொருள் மட்டும் போதுமா?

போதாது. இரண்டு சமீபத்திய நிகழ்வுகளே அதைச் சொல்கின்றன.

2025 பிப்ரவரியில், ஒரு நிறுவனத்துக்கு ஏ++ கிரேடு கிடைக்க லஞ்சம் கைமாறியதாகக் குற்றம்சாட்டி, நாக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்கள் உட்பட 10 பேரை சிபிஐ கைது செய்தது. அடுத்த மாதமே, கல்வி நிறுவனங்கள் தாங்களே கொடுக்கும் தரவை முறையாகச் சரிபார்க்காமல் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை தயாரிக்கப்படுவதாகத் தொடரப்பட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தரவரிசை வெளியீட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பிறகு அந்தத் தடை நீங்கி, செப்டம்பர் 4-ல் தரவரிசை வெளியானது. ஒட்டுமொத்தப் பட்டியலில் ஐஐடி மெட்ராஸ் தொடர்ந்து ஏழாவது ஆண்டாக முதலிடம் பிடித்தது.

இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கேள்வி: நிறுவனம் தானே சொல்லும் எண்ணை எந்த அளவுக்கு நம்புவது?

முன்னாள் இஸ்ரோ தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு இதற்கு ஒரு வழி சொன்னது. கிரேடுகளுக்குப் பதிலாக 'அங்கீகாரம் உண்டு / இல்லை' என்ற முறை, அதற்கு மேல் 1 முதல் 5 வரை முதிர்ச்சி நிலைகள், எல்லா அமைப்புகளுக்கும் தகவல் கொடுக்க ஒரே பொதுத் தளம் ஆகியவை அதன் பரிந்துரைகள். அந்த ஒரே தளம் முழுமையாக வந்தால், ஒரே நிகழ்ச்சியைப் பல வடிவத்தில் எழுதும் வேலை குறையும். அதே நேரத்தில், எங்கே என்ன சொன்னோம் என்பது பக்கத்தில் பக்கத்தில் தெரியும். நிகழ்ச்சிகளை இப்போதே ஒழுங்காகப் பதிந்து வைக்கும் நிறுவனத்துக்கு அது சுலபம். மற்றவர்களுக்குச் சிரமம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிரிட்டன் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் அழைக்கப்படும் ஒரு விதி இருக்கிறது. ஓர் அளவுகோலே இலக்காக மாறிவிட்டால், அது நல்ல அளவுகோலாக இருக்காது என்பது அதன் சாரம். நிகழ்ச்சி எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்றால் எண்ணிக்கை கூடும். ஒரு நாள் முகாமை காலை, மதியம் என்று இரண்டாகப் பிரித்தால் போதும். அதே மரக்கன்று குழியில் அடுத்த வருடமும் நடலாம். மென்பொருள் வேகமாக எண்ணும். எதை எண்ண வேண்டும் என்பதை மனிதர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

மாற்றும்போது எங்கே சறுக்கும்?

பழைய தகவலைப் புது சிஸ்டத்துக்கு மாற்றுவதுதான் முதல் கண்டம். ஒரே துறையின் பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருக்கும். தேதியில் நாள் முன்னாலா, மாதம் முன்னாலா என்ற குழப்பம் இருக்கும். எல்லாவற்றையும் அப்படியே கொட்டினால், பழைய இரட்டைக் கணக்கு புது மென்பொருளுக்குள் அழகான வரைபடமாக மாறும், அவ்வளவுதான். திருத்த முடிந்ததை மட்டும் ஏற்றி, மீதியைப் 'பழைய கணக்கு, சரிபார்க்கப்படவில்லை' என்று தனியாக வைப்பதே நேர்மை.

இரண்டாவது, ஆள். மென்பொருள் வாங்கக் காசு ஒதுக்கி, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஊழியரைக் கூட நியமிக்காவிட்டால், ஆறு மாதத்தில் எல்லோரும் எக்செல்லுக்கே திரும்பிவிடுவார்கள்.

மூன்றாவது, சரிவு. முதல் வருடம் எண்ணிக்கை குறையும். இரட்டைக் கணக்கு போனால் குறையத்தானே செய்யும்? போன வருடம் 300 நிகழ்ச்சி, இந்த வருடம் 190 என்று வந்தால், 'சிஸ்டம் சரியில்லை' என்று சொல்லிப் பழைய முறைக்கே ஓடாமல், '190-தான் நிஜம்' என்று சொல்லும் துணிச்சல் நிர்வாகத்துக்கு வேண்டும். இந்த மாற்றத்தின் உண்மையான சோதனை அந்த முதல் வருடம்தான்.

பொதுமக்கள் என்ன கேட்கலாம்?

அடுத்த முறை ஒரு மாணவர் நோட்டையோ, கியூஆர் கோடையோ நீட்டினால், தயங்காமல் கேட்கலாம்:

- இந்தத் தகவல் எதற்கு? எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்?
- நம்பர் கொடுக்காமல் கலந்துகொள்ளலாமா?
- என் போட்டோ வெப்சைட்டில் வருமா?
- போன முறை முகாம் நடந்ததே, அதற்குப் பிறகு என்ன ஆச்சு?

கல்லூரிகள் நாக் அமைப்புக்குக் கொடுக்கும் ஆண்டுத் தர அறிக்கைகள் பெரும்பாலும் அவற்றின் இணையதளங்களிலேயே கிடைக்கும். அரசுப் பல்கலைக்கழகங்களும் மத்திய அரசு நிறுவனங்களும் 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. உங்கள் பகுதியில் எத்தனை நிகழ்ச்சி நடந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்க திருவான்மியூர்வாசிகளை விடச் சரியான ஆட்கள் கிடையாது. முகாம் நடந்ததா, வந்தவர்கள் 140 பேரா 460 பேரா, கண்ணாடி வீட்டுக்கு வந்ததா இல்லையா என்பது எந்த மென்பொருளுக்கும் முன்னால் அவர்களுக்குத்தான் தெரியும்.